ஏறியாச்சு

மலை உச்சிக்கு வந்து சேர்ந்ததும் நாங்கள் எல்லோரும் முதலில் தண்ணீர்ப் புட்டியைத்தான் தேடுவோம். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் மனிதருக்கு மட்டும் அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. சைக்கிளைச் சாலையோர இரும்புத் தடுப்பில் சாய்த்துவிட்டு, முதுகுப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போனை எடுப்பார். மறுமுனையில் எடுத்ததும் "ஏறியாச்சு" என்பார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடும். அதன் பிறகுதான் தண்ணீரைத் தொடுவார்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கம் கூடி, பாயா தெருபோங் தாண்டி மலையேறி, தீவின் அந்தப் பக்கம் பாலிக் புலாவில் இறங்கிப் பசியாறிவிட்டுத் திரும்புவது எங்கள் மிதிவண்டிக் கழகத்தின் வழக்கம். கழகம் என்றதும் பெரிதாக ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தொப்பையைக் கரைக்க வந்து, பசியாறும் கடைகளின் தயவால் அதைப் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறவர்கள்தான் பாதிப் பேர். தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அதனால் எங்களை இன்னமும் வகுப்பறையில் வைத்திருப்பதாக நினைப்பு. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனர் ஒருவர், கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து படகில் வந்து சேர்ந்துகொள்ளும் தொழிற்சாலைக்காரர் ஒருவர், இன்னும் சிலர். முட்டி வலிக்காரி நான்.

அண்ணன் எப்போதும் கடைசியில்தான் வருவார். மெதுவாக ஓட்டுகிறவர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள். எனக்குக் கோபம் வரும். அறுபதைத் தாண்டியும் அந்த மலையில் எங்களில் யாரையும் அவரால் முந்திவிட முடியும். ஆனால் வரிசையின் கடைசியில் ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்பது கழகத்தில் விதி. டயர் வெடித்தவனுக்கு ட்யூப் மாற்ற, வாந்தி எடுத்தவனுக்குப் பக்கத்தில் நிற்க, நான் பாதி மலையில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கும்போது ஒன்றும் சொல்லாமல் தானும் இறங்கி நடக்க ஒரு ஆள் வேண்டும். அதை அவர் யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். அவரைத் தாண்டிப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த ஒற்றை வார்த்தை போனை நாங்கள் விடாமல் கேலி செய்வோம். "என்ன அண்ணே, தந்தி அடிக்கிற மாதிரி. அண்ணி பசியாறிட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க லா" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"நான் பேசுனாத்தான் அவ தே குடிப்பா. நீ என்னைப் பேச வச்சு அவ தேயை ஆறப்போடாதே" என்றார்.

விஷயம் இதுதான். அண்ணிக்கு அந்த மலைச்சாலையைக் கண்டாலே ஆகாது. வளைவுக்கு வளைவு மண் ஏற்றிய லோரிகள், மழை பெய்தால் சரிந்து வரும் கற்கள், ஒரு பக்கம் பள்ளம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மனிதர் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது வீட்டில் பெரிய சண்டை நடந்ததாம். கடைசியில் அண்ணி ஒரு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தாராம். உச்சிக்குப் போனதும் போன் வர வேண்டும். வரும் வரைக்கும் அவர் அடுப்படி மேசையில் தேநீரை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"இறங்கும்போதுதானே அண்ணே ஆபத்து? ஏறியாச்சுன்னு சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று வங்கிக்காரர் கணக்குப் பார்த்தார்.

"அதை நீங்க யாரும் அவகிட்டச் சொல்லாம இருந்தா போதும்" என்று சிரித்தார் அண்ணன். பிறகு, "நான்தான கடைசி. நான் ஏறிட்டா எல்லாரும் ஏறிட்டாங்கன்னு அவளுக்குத் தெரியும். அது ஒரு நிம்மதி அவளுக்கு" என்றார்.

எங்களை முன்பின் பார்த்திராத ஒரு பெண், ஞாயிறுதோறும் எங்கள் எல்லோருக்காகவும் தேநீரைக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது அன்றைக்கு எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அண்ணன் இறந்தது மலையில் இல்லை. லோரியும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒரு புதன்கிழமை மாலை, குளித்துவிட்டு வந்து, வீட்டில் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். அண்ணி அடுப்படியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். பதில் வராததால், செய்தி பார்க்க உட்கார்ந்தால் காது கேட்காது என்று திட்டிக்கொண்டே வந்து பார்த்திருக்கிறார்.

ஆயர் ஈத்தாமில் அவர்கள் அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில் நாங்கள் போய் நின்றோம். ஒருவரை ஒருவர் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல், முழுக்கால் சட்டையில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சைக்கிள் கடைக்காரரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பசியாறும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர், தலையில் ஒரு முடி இல்லை. எல்லோரும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றோம். அண்ணி அழவில்லை, வந்தவர்களுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கும்போது எங்கள் ஆட்கள் நால்வர் தோள் கொடுத்தார்கள். தலைவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் விம்மி விம்மி அழுதார். அவரைப் பற்றி நான் சொல்லியிருந்த பாதியை மனதுக்குள் அழித்துவிட்டேன்.

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் அண்ணி எங்கள் பக்கம் வந்தார். என் இலைக்கு முன்னால் நின்று, "முட்டி வலி நீதான?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"எண்ணெய் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டு இருந்தாரு. வாங்கித் தந்தாரா?"

"தந்தாரு அண்ணி."

அப்படியே வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். பாகான் டாலாம்காரரிடம், "மக வேலைக்கு மனு போட்டிருந்தாளே, என்னாச்சு?" என்று கேட்டார். சைக்கிள் கடைக்காரரிடம் மலாயில், உறைப்பு சாப்பிட்டால் இன்னும் கண்ணீர் வருகிறதா என்று கேட்டார். தலைவரிடம் வந்ததும் அண்ணியின் முகம் மாறியது. "நீங்கதான பிரேக் பிடிக்காம இறங்குறவரு? இந்த வயசுல எதுக்குங்க உங்களுக்கு அது?" என்றார். ஊரையே அதட்டுகிற தலைவர் இலையைப் பார்த்தபடி, "இனிமே பிடிக்கிறேன்ம்மா" என்றார்.

நாங்கள் அவருக்கு அந்நியர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். போனில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், வீட்டுக்குப் போய் எங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கை கழுவப் போகும்போது அண்ணி என் போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் மலையேறினோம். வரிசையின் கடைசியில் நான் வந்தேன். யாரும் என்னைச் சொல்லவில்லை. முட்டி வலிக்காரி கடைசியில் வருவது பெரிய தியாகமும் இல்லை. உச்சியில் பழக்கடைகளுக்கு எதிரே எல்லோரும் அந்த இரும்புத் தடுப்பைப் பார்க்காத மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். நான் சைக்கிளிலிருந்து காலை ஊன்றியிருப்பேன், போன் அடித்தது.

"ஏறியாச்சா?"

"ஏறியாச்சு அண்ணி."

"எல்லாரும்?"

"எல்லாரும்."

"சரி" என்று வைத்துவிட்டார்.

நான் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு குரங்கு வந்து என் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து இழுத்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அதைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அதற்கு என்ன தெரியும்.

அடுத்த வாரமும் போன் வந்தது. அதற்கடுத்த வாரம் அவர் கூப்பிடும் முன்பே நான் கூப்பிட்டேன். இடையில் ஒருநாள் வேலை முடிந்து அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் கோலாலம்பூரில் வேலையில் இருக்கிறாள். வந்து தன்னோடு இருக்கும்படி கூப்பிடுகிறாளாம். இவர் போகவில்லை. அண்ணனின் பழைய கார் கீழே நின்றது. அண்ணி அந்தக் காடியை மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுப்பார். மூன்றாவது கியருக்கு மேல் போட்டதில்லை என்று அவரே சொன்னார்.

"நான் அந்த ரோட்டைப் பாத்துப் பாத்துப் பயந்துகிட்டு இருந்தேன்" என்றார். "அது என்னடான்னா வீட்டுக்குள்ள வந்து நாற்காலியில உக்காந்திருக்கு. இப்ப எதுக்குப் பயப்படுறதுன்னே தெரியலம்மா. எல்லாத்துக்கும் பயமா இருக்கு. வாரம் முழுக்க எது வரும்னு காத்திருந்தாலும் வரமாட்டேங்குது. ஞாயித்துக்கிழம அந்த ஒரு போன் மட்டும் வருது. அது வந்தா எந்திரிச்சு வேலையப் பாக்குறேன்."

அவருக்கு அந்த வாரத்தைத் தாங்கி நிறுத்த இருந்த ஒரே கால் அதுதான் என்று எனக்கு அன்று புரிந்தது.

இதைக் கழகத்தில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. தலைவர் உடனே கூட்டம் போட்டார். ஒருவரே சுமக்கக் கூடாதாம், வாரம் ஒருவராக முறை வைத்துக் கூப்பிடலாமாம். வங்கிக்காரர் தயங்கித் தயங்கி, "இப்படியே எத்தனை நாளைக்கு? அவங்களுக்கும் இது நல்லதான்னு பாக்கணும் லா" என்றார்.

"உங்களுக்குத் தினமும் உங்க வீட்டுக்காரம்மா போன் பண்றாங்களே, அது எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். முகம் சிவந்து போனது. முறை வைத்தால் ஒருநாள் யாருடைய முறையும் இல்லாமல் போகும் என்றும் சொன்னேன். தலைவர் ஒழுங்கைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். முறை வைக்கப்பட்டது.

நியாயமாகச் சொன்னால் கொஞ்ச காலம் அது நன்றாகவே நடந்தது. சைக்கிள் கடைக்காரர் தன் முறைக்காக வாரம் முழுக்க அந்த ஒரு தமிழ் வார்த்தையைச் சொல்லிப் பழகினார். போனில் அதைச் சொன்னதும் பதிலுக்குக்கூடக் காத்திராமல் பயந்துபோய் வைத்துவிட்டார். அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. தலைவருக்கும் அந்தப் பெருமை உண்டு, விட்டுக்கொடுக்கிறேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. பாகான் டாலாம்காரரின் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. எல்லோரும் தன் வீட்டுக்கு வந்து பசியாற வேண்டும் என்று அவர் ஒரே பிடியாக நின்றார். மலை வேண்டாம், சைக்கிள்களோடு படகில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவானது. அன்றைக்குப் போன் பேசும் முறை வங்கிக்காரருடையது. அவர் ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போகிறவர்கள் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நாங்களோ, இன்றைக்கு மலையே இல்லை, ஏறினால்தானே ஏறியாச்சு என்று சொல்ல என்று நினைத்தோம். சைக்கிள்காரர்களின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். சாலையை வைத்துத்தான் எதையும் யோசிப்போம். சாலை மாறினால் அதோடு எல்லாமும் மாறிவிட்டதாக நினைப்பு.

படகில் ஏறும்போது நல்ல மழை. போன்களையெல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தலைவரின் முதுகுப் பையில் வைத்தோம். பாகான் டாலாம் போய்ச் சேர்ந்து, துவட்டிக்கொண்டு, மகளுக்கு வாழ்த்துச் சொல்லி, இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்புமாக உட்கார்ந்தோம். இரண்டாவது முறை குழம்பு வந்தபோது தலைவர் பையை அவிழ்த்துப் போன்களை எடுத்துக் கொடுத்தார். என் போனைத் திறந்தேன். அண்ணி, அண்ணி, அண்ணி என்று திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். தலைவருக்கும் வந்திருந்தது. சைக்கிள் கடைக்காரருக்கும் வந்திருந்தது.

குழம்புக் கையோடு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோதே மறுபடியும் அடித்தது.

காற்று இரைந்தது. ஒரு லோரி ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது. பிறகு அண்ணியின் குரல், மூச்சு வாங்க:

"நான் ஏறியாச்சு. நீங்கள்லாம் எங்க இருக்கீங்க?"

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவே இல்லை. விளங்கியதும் போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தேன். மார்க்கெட்டைத் தாண்டாத அந்தக் காடியை எடுத்துக்கொண்டு, இரண்டாவது கியரிலேயே, அத்தனை வளைவுகளையும் தாண்டி உச்சிக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு வளைவிலும் காடியை ஓரங்கட்டி, இறங்கி, தடுப்புக்கு மேலே எட்டிப் பள்ளத்தைப் பார்த்திருக்கிறார். எங்கள் சைக்கிள்கள் கிடக்கின்றனவா என்று. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டியிருக்கிறார்கள்.

"அண்ணி... நாங்க மலைக்கு வரல. பாகான் டாலாம்ல இருக்கோம். சொல்லாம விட்டுட்டோம்" என்றேன்.

திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"இருக்கோம்" என்றேன். "இருக்கோம்மா" என்றார் தலைவர். மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சைக்கிள் கடைக்காரர் என்ன சொல்வதென்று தெரியாமல், தனக்குத் தெரிந்த அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு இறங்கத் தெரியாது" என்றார் அண்ணி. "கீழ பாத்தா தலை சுத்துது."

"அங்கேயே இருங்க அண்ணி. இவரு வீட்டுல காடி இருக்கு. பாலத்து வழியா இப்பவே வந்துடுறோம்."

"காடியில வராதீங்க" என்றார். குரல் கெட்டிப்பட்டிருந்தது. "சைக்கிள்ல வாங்க. நீங்க எல்லாரும் ஏறி வர்றதை நான் பாக்கணும். அவசரம் இல்ல. இங்க கடை இருக்கு. உக்காந்திருக்கேன்."

கை கழுவினோம். மகள் பாதியில் எழுந்த இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்காமல் கிளம்பினோம். அவள் அப்பாவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்துவிட்டார். படகுத்துறை, படகு, மறுபடியும் ஊர், ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங். மழை விட்டு வெயில் ஏறிவிட்டது. ஆட்டுக்கறிக் குழம்போடு உச்சிவெயிலில் மலையேறியவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். நான் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். என்னோடு இறங்கி நடக்க யாரும் இல்லை. கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இத்தனை வருஷமும் அவர் அதைத்தான் முதுகில் வைத்துக்கொண்டு ஓட்டினாரா என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஏற்றத்தில் அழுதால் மூச்சு போய்விடும். அழாமல் மிதித்தேன்.

கடைசி வளைவைத் திரும்பினேன். முன்னால் போனவர்கள் எல்லோரும் வந்துசேர்ந்து, சைக்கிள்களைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. அவர்களுக்கு முன்னால், சாலையோரம் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றார். வீட்டில் கட்டும் சேலை, காலில் குளியலறைச் செருப்பு. பின்னால் பழக்கடை மேசையில் ஒரு கண்ணாடிக் குவளையில் தே அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.

நான் இறங்கி அவர் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், நான் வந்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து யாரும் வரவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, கடந்து போனது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எல்லாரும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அதற்குமுன் எத்தனையோ தடவை போனில் பதில் சொல்லியிருக்கிறேன். நேரில் இதுதான் முதல் தடவை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் ஏறியாச்சு அண்ணி" என்றேன்.

தலையை ஆட்டினார். திரும்பிப் போய் உட்கார்ந்து, அந்த ஆறிப்போன தேயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கடைக்காரப் பெண் சூடாக வேறு கொண்டுவருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். கீழே பாலிக் புலாவின் வயல்கள், அதற்கும் அப்பால் வெயிலில் வெள்ளையாகக் கடல்.

"இந்த மனுஷன்" என்றார். "இத்தனை வருஷம் ஏறியாச்சு, ஏறியாச்சுன்னு சொன்னாரே, இங்கேருந்து கடல் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லல பாரு."

சொல்லிவிட்டு, அண்ணன் இறந்தபோது அழாத அழுகையை அழுதார். தலைவர்தான் காடியை ஓட்டி அவரைக் கீழே இறக்கினார். வழி முழுக்க பிரேக் பிடித்துக்கொண்டே போனார்.